வடம் இல்லாத தேர்

நாலாங்கட்டைத் தோட்டம், பாலோ, ஜொகூர்
18-1-1933

அன்புள்ள செல்லம் அக்காவுக்கு,

தம்பி அர்ச்சுனன் கைகூப்பி எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் மழைக்காலத்து மூட்டுவலி. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற எல்லோரையும், அதாவது என்னை, திட்டித் தீர்க்கிறார். சிங்கப்பூரில் நீயும் மச்சானும் சுகமா? பட்டறையில் மச்சானுக்கு வேலை குறையாமல் இருக்கிறதா?

போன ஆடித் திருவிழாவில் நடந்த கூத்தை நான் உனக்கு எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. ரப்பர் விலை விழுந்த நாளிலிருந்து தோட்டத்துச் சனத்தில் பாதியை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் அல்லவா? மிச்சம் இருந்த மேல் லயத்து வரிசைவீட்டு ஆட்கள் மட்டும் வடம் பிடித்தோம். ரப்பர் தகடு காயவைக்கிற புகைவீட்டு மேட்டில் தேர் நின்றது நின்றதுதான். கித்தானைப் போட்டு மூடிவிட்டு, அம்மனைக் கையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினோம். கீழ் லயத்துச் சனம் அத்தனை பேரும் பாதையோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் பிடிக்கச் சொல்லியிருந்தால் தேர் ஏறியிருக்கும். அந்தச் சாதி வடத்தைத் தொடக்கூடாது என்ற பேச்சு இன்னும் மாறவில்லை. வடமும் நம் வீட்டு உத்தரத்தில்தான் தொங்குகிறது. அதை முதலில் தொடுகிற மரியாதையும் கங்காணி என்று அப்பாவுக்குத்தான். ஆறு வருஷத்துக்கு முன் கீழ் லயத்துப் பிள்ளையான மச்சான் அதில் கை வைத்ததற்கு அவர் கையில் அப்பா அடித்த கம்பு இருக்கிறதே, அதுவும் மூலையில் அப்படியே இருக்கிறது.

இந்த வருஷம் தேரே வேண்டாம் என்று கோயில் கூட்டத்தில் முடிவாகப் போகிறது. எனக்கு ஒரு யோசனை, அக்கா. சிரிக்காதே. புகைவீட்டுக்குப் பின்னால் கொடி மூடிக் கிடக்கிற பழைய லாரியை உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் இஞ்சின் சாகவில்லை. திறந்து பார்த்துவிட்டேன். தேரை அதன் சட்டத்தின்மேல் தூக்கி வைத்தால் அம்மன் தானாகவே மேடு ஏறிவிடுவாள்.

ரப்பர் ஸ்டோர் இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவன் நான். இதுவரை எனக்காக என்று எதையும் செய்து பார்த்ததில்லை. செய்யாவிட்டால் இந்த மண்டைக்குள் இருக்கிறது என்னைத் தூங்கவிடாது போலிருக்கிறது. ஆனால் அப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. மச்சானிடம் ஒன்று கேட்டு எழுது: லாரி மனிதன் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் போக வேண்டும், ஆனால் இஞ்சின் நின்றுவிடக் கூடாது. அதற்கு வழி உண்டா?

உன் அன்புத் தம்பி,
அர்ச்சுனன்

---

செராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
5-2-1933

தம்பி அர்ச்சுனனுக்கு,

அக்கா ஆசீர்வாதம். நாங்கள் இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தில் எண்ணெய்க் கறை. நீ சோற்றைப் பிசைகிற கையும் இதே லட்சணத்தில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிக்காதே என்று எழுதியிருந்தாய். நான் சிரிக்கவில்லை. உன் மச்சான்தான் சிரித்தார். கேலியாக இல்லை. பட்டறையில் நல்ல வண்டி ஒன்று வந்தால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. அவர் சொன்னது இது: லாரியின் கியருக்குப் பின்னால் இன்னொரு கியர் பூட்ட வேண்டும். சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றினால் வேகம் செத்துப் பலம் கூடும். அதற்குத் தனியாக ஒரு தண்டு வேண்டும், அதைத் தள்ளியும் இழுத்தும் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வேண்டும். ஸ்டியரிங் பிடிக்கிறவனால் இரண்டையும் பார்க்க முடியாது. மேலே மிச்சத்தை உன் மூளையைக் கேள் என்கிறார். பழைய பிளக்குகள் சிலவற்றைத் துடைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறார்.

வடத்தைப் பற்றி நீ எழுதிய பத்தியை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

பயமாக இருக்கிறது என்கிறாய். எனக்குந்தான் பயமாக இருந்தது, அவரைக் கட்டிக்கொண்டு பாலோ ஸ்டேஷனில் ரயில் ஏறினபோது. பயம் போகட்டும் என்று காத்திருந்தால் நான் இன்றைக்கும் அந்த ஸ்டேஷனில்தான் நின்றுகொண்டிருப்பேன். பயந்துகொண்டே செய். ஆனால் செய்.

உன் அக்கா,
செல்லம்

---

நாலாங்கட்டைத் தோட்டம்
12-3-1933

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோருக்கும் சுகம்தான், என் விரல் நகம் ஒன்றைத் தவிர. அது லாரிக்குக் காணிக்கையாகப் போய்விட்டது. உங்கள் சுகத்துக்கு எழுது.

தோட்டத்துத் துரையிடம் போய் லாரியைக் கேட்டேன். அவர் தன் உடைந்த தமிழில், "எடுத்துக்கோ. ஓடினா எனக்கும் சொல்லு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பாலோ டவுனில் பழைய இரும்பு விற்கிற சீனத் தவ்கேயிடம், ரப்பர் உருட்டுகிற மெஷினின் பல்சக்கரங்கள் கிடந்தன. எதற்கு என்று கேட்டார். சாமியை ஏற்றிக்கொண்டு போக என்று மலாயில் சொன்னேன். "அலமாக்! லு கிலா கா?" என்றார். உனக்குப் பைத்தியமா என்று கேட்டுக்கொண்டே சங்கிலியையும் சேர்த்துக் கொடுத்தார்.

இஞ்சின் உறுமினால் வண்டி முழுக்க நடுங்குகிறது. விளக்கு அணைந்துவிடும், அம்மன் மாலை நழுவிவிடும். அதற்கு ஒரு வழி பண்ணினேன், அக்கா. விலை போகாத ரப்பர் தகடுகள் ஸ்டோரில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அடுக்கி, பீடத்துக்குக் கீழே மெத்தை மாதிரி போட்டேன். மேலே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து இஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் சிந்தவில்லை. அந்தக் கிண்ணத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கே தெரியாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை!

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. புகைவீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏன்டா, ஆத்தா என்ன லாரியில ஏத்துற ரப்பர் கட்டா?"

"இல்லப்பா. ஆனா மேடு ஏற மாட்டேங்குதே."

"ஏறலன்னா கெடக்கட்டும். இழுக்க ஆள் இல்லாட்டியும் கும்புட ஆள் இருக்கு."

"கீழ் லயத்து ஆளுங்க இருக்காங்கல்ல, இழுக்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டது நான்தான் என்று எனக்கே தெரிந்தது. அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். ஆடிக்குள் இந்த வண்டி ஓட வேண்டும். ஓடாவிட்டால் நான் கம்பை எடுத்துக்கொண்டு விடியற்காலைப் பெரட்டில் அவர் பக்கத்தில் நின்று ஆள் கணக்கு எடுக்க வேண்டும். அவருக்கு அப்புறம் நான்தான் கங்காணி. இஞ்சின் பக்கம் இந்த ஜென்மத்துக்கும் தலைகாட்டக் கூடாது. நான் சரி என்றேன்.

சித்திரை வருஷப் பிறப்பன்று வெள்ளோட்டம். வேண்டிக்கொள்.

அர்ச்சுனன்

---

நாலாங்கட்டைத் தோட்டம்
16-4-1933

அக்கா,

நீயும் மச்சானும் நன்றாக இருக்க வேண்டும். என்னைப் பற்றிக் கேட்காதே.

வெள்ளோட்டம் முடிந்துவிட்டது. ஓட்டம் இல்லை, வெறும் வெள்ளம்தான். முதல் நாள் வரைக்கும் ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினால் எழுந்துகொண்ட இஞ்சின் அது. வருஷப் பிறப்பன்று தோட்டமே கூடி நின்றது. கோயில் பண்டாரம் வந்தார். புது வண்டிக்குப் பூசை போடாமல் கிளப்பக் கூடாது என்றார். நியாயம்தானே? நானே மூடியைத் திறந்துவிட்டேன், இஞ்சினுக்கும் பொட்டு வைக்கட்டும் என்று. அவர் பொட்டோடு நிற்கவில்லை. அம்மனுக்கு ஊற்றுகிற மாதிரி குடத்து மஞ்சள் தண்ணீரை அப்படியே இஞ்சின் தலையில் கவிழ்த்துவிட்டார். அதற்கு மேல் இளநீர். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டேன், மடையன்.

ஹேண்டிலைச் சுற்றினேன், சுற்றினேன். ஒரு இருமல்கூட இல்லை. நெருப்புப் பொறி கொடுக்கிற மேக்னட்டோ பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். "தண்ணி போயிருச்சு, காஞ்சா ஓடும்" என்று கத்தினேன். யார் கேட்கிறார்கள்? "ஆத்தா ஒத்துக்கல" என்று ஒருத்தர் சொன்னார். அதற்குப் பிறகு எல்லோர் வாயிலும் அதே பேச்சு. பெண்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பா திட்டக்கூட இல்லை. தோளில் கை போட்டு, "விடுறா. கம்பு வீட்டுலதான் இருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

லாரியைக் கித்தான் போட்டு மூடிவிட்டேன். இனிமேல் மச்சானுக்குத் தொந்தரவு இல்லை.

அர்ச்சுனன்

---

சிங்கப்பூர்
24-4-1933

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று தெரிகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மேக்னட்டோவுக்குள் மஞ்சள் தண்ணீர் போனால் சாமி வண்டியும் ஓடாது, சர்க்கார் வண்டியும் ஓடாது என்று உன் மச்சான் சொல்கிறார். காய வைத்து ஓட்டிப் பார்த்தாயா? பார்க்கவில்லை. கித்தான் போட்டு மூடியிருக்கிறாய். ஏன்டா, இஞ்சினை மூடினாயா, உன்னை மூடிக்கொண்டாயா?

ஆத்தா ஒத்துக்கவில்லை என்று யாரிடம் வந்து சொன்னாளாம்? இதே பேச்சை நான் முன்னேயே கேட்டிருக்கிறேன். இவர் கையில் கம்பு விழுந்த அன்றைக்கும் இதையேதான் சொன்னார்கள். ரத்தம் வடிய நின்ற மனுஷனைப் பார்த்து, "நாங்க என்ன செய்ய, ஆத்தா ஒத்துக்க மாட்டா" என்றார்கள். தங்களுக்கு எதெல்லாம் பிடிக்கவில்லையோ அதெல்லாம் அவளுக்கும் பிடிக்காது என்று சொல்லிவிடுகிறார்கள். பாவம் அவள், ஒரு தடவை வாய் திறந்து இல்லை என்று சொன்னாளா?

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, தம்பி. ரப்பரை அடுக்கிக் கிண்ணத்துத் தண்ணீர் சிந்தாமல் நிறுத்தினவன் நீ. அந்தப் பத்தியை நான் பக்கத்து வீட்டுக்காரிக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். அப்படிப்பட்டவன் இப்போது கம்பைப் பிடித்துக்கொண்டு பெரட்டில் நின்று, வராத சனத்தின் பெயரைக் கூப்பிடப் போகிறானா? நில். நின்றால் எனக்குக் கடிதம் எழுதாதே.

எழுதாதே என்று சொன்னதை நிஜமாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் கித்தானை எடு.

செல்லம்

---

நாலாங்கட்டைத் தோட்டம்
28-5-1933

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? உன் திட்டு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை செய்துகொண்டே இருந்ததால் எழுத முடியவில்லை.

கித்தானை எடுத்தேன். அதிலேயே வழியும் கிடைத்தது! மழைக்கு அந்தத் துணி நனையவில்லை. நல்ல பருத்தித் துணி ஒன்றை எடுத்து, ரப்பர் பாலைத் தடவி, காய வைத்து, மறுபடியும் தடவி, புகைவீட்டில் தொங்கவிட்டு எடுத்தேன். பழுப்பு நிறத்தில் தோல் மாதிரி ஆகிவிட்டது. அதை மேக்னட்டோவுக்குச் சட்டை மாதிரி தைத்து மாட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். இஞ்சின் கவலையே படாமல் ஓடிக்கொண்டிருந்தது. பண்டாரத்தைக் கூப்பிட்டு, "இப்ப ஊத்துங்க சாமி, எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். நின்று பார்த்தார். "ஆத்தா ஒத்துக்கிட்டா" என்றார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

பல்சக்கரமும் பூட்டியாகிவிட்டது. பீடத்துக்குப் பின்னால் நின்று நான் தண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், முன்னால் ஒருத்தர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். புகைவீட்டு மேட்டில் காலித் தேரை ஏற்றிப் பார்த்தோம். ஆமை தோற்றுவிடும், அவ்வளவு மெதுவாக, அவ்வளவு திடமாக ஏறியது.

இன்னொரு நல்ல சேதி. அப்பா இறங்கி வந்துவிட்டார். அவரே சொன்னார்: "வண்டி முன்னால வடத்தக் கட்டு. நான் மொதல்ல தொடுறேன். மேல் லயத்து ஆளுங்க சும்மா பிடிச்சுக்கிட்டு நடக்கட்டும். இஞ்சின் வேலய இஞ்சின் பாக்கட்டும். யாருக்கும் கவுரவம் கொறையாதுல்ல?" அவர் என் வண்டியை வண்டி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சரி என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். உனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று உடனே எழுதுகிறேன்.

அர்ச்சுனன்

---

நாலாங்கட்டைத் தோட்டம்
25-6-1933

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் தவறிவிட்டதா? உனக்கு உடம்புக்கு ஏதாவதா? மச்சானுக்குப் பட்டறையில் பிரச்சினையா? எதுவாக இருந்தாலும் ஒரு வரி எழுது.

இங்கே தேருக்குப் புதுச் சாயம் அடிக்கிறோம். பாதை முழுக்க அரிசி மாக்கோலம் போடப் பெண்கள் பேசி வைத்திருக்கிறார்கள். வடத்தை உத்தரத்திலிருந்து இறக்கி வெயிலில் போட்டிருக்கிறது. அப்பா தினமும் போய்ப் புரட்டிப் போடுகிறார்.

எழுது அக்கா. உன் திட்டு இல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

அர்ச்சுனன்

---

சிங்கப்பூர்
3-7-1933

மாப்பிள்ளை அர்ச்சுனனுக்கு,

சபாபதி வணக்கம். உங்கள் அக்கா சுகமாக இருக்கிறாள். கடிதம் எழுத இப்போது முடியவில்லை என்கிறாள். உங்கள் கடிதங்கள் இரண்டையும் நானே வாசித்தேன். மேக்னட்டோவுக்கு நீங்கள் தைத்த சட்டையைப் பற்றிப் பட்டறையில் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். நல்ல வேலை.

வடம் கட்டுவதாக எழுதியிருந்தீர்கள். முன் அச்சில் கட்ட வேண்டாம். புகைவீட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கம் இருப்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இறக்கத்தில் வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தாலும் வடம் தளர்ந்துவிடும். பிடித்திருக்கிறவர்கள் கால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் சட்டத்தின் இரண்டு பக்கமும் இரும்பு வளையம் அடித்து, வடத்தை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். பெரியவர் முதலில் நின்று தொடுகிற இடம் சக்கரத்துக்கு நன்றாக விலகி இருக்கட்டும். அவருக்கு மூட்டுவலி என்று எழுதியிருந்தீர்கள். சட்டென்று விலக முடியாது.

கீழே படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி ஓரிடத்தில் அதிக நேரம் நின்றால் கொதித்துவிடும்.

இப்படிக்கு,
சபாபதி

---

புகைவீட்டுக் கொட்டகை, நாலாங்கட்டைத் தோட்டம்
9-7-1933

மச்சானுக்கும் அக்காவுக்கும்,

வணக்கம். மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. புகை வாசம்தான் கொஞ்சம் அதிகம்.

மச்சான், உங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வளையம் அடிக்கத்தான் உட்கார்ந்தேன். பெரியவர் நிற்கிற இடம் என்று நீங்கள் ஒரு புள்ளி வைத்திருந்தீர்கள். அந்தப் புள்ளியைப் பார்க்கப் பார்க்க என்னால் சுத்தியலைப் பிடிக்க முடியவில்லை. உங்கள் கையை அடித்தவருடைய கால் நசுங்கக் கூடாது என்று நீங்கள் அளந்து போட்டிருக்கிறீர்கள். அந்தக் கையை அடிக்க வைத்த வடத்தையே நான் என் வண்டியில் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் சந்தோஷம் என்று அக்காவுக்கு எழுதியிருக்கிறேன். அக்கா ஏன் பதில் போடவில்லை என்று வேறு கேட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பாவிடம் போனேன்.

"வடம் வேணாம்பா."

"கட்டுறேன்னு சொன்னியே?"

"சொன்னேன். இப்ப வேணாங்கிறேன். இது தானா போற வண்டி. இதுக்கு வடம் எதுக்கு?"

"வண்டிக்கு இல்லடா. எனக்கு. ஊருக்கு."

"அதுக்குத்தான் வேணாங்கிறேன். நான் செஞ்ச வண்டிப்பா இது. இதுல இவன் தொடலாம், அவன் தொடக் கூடாதுன்னு ஒரு கயிறு தொங்கக் கூடாது."

அப்பா குனிந்து வெயிலில் கிடந்த வடத்தைப் புரட்டிப் போட்டார். பிறகு, "அப்ப என் வீட்டுல உனக்கு என்ன வேல?" என்றார். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வரும்போது பயமாகத்தான் இருந்தது. வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

மச்சான், இந்தத் தேரில் பிடிப்பதற்கென்று ஒரே ஒரு இடம் இருக்கிறது. அது ஸ்டியரிங். இவ்வளவு நாளும் துரையின் டிரைவர் பிடித்துப் பார்த்தார். திருவிழா அன்றைக்கு அவர் வர மாட்டாராம், அப்பாவின் பேச்சு அவர் வரைக்கும் போய்விட்டது. நீங்கள் வர வேண்டும். பாவம் என்று கூப்பிடவில்லை. இந்த வண்டியின் பல்சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

அர்ச்சுனன்

---

சிங்கப்பூர்
17-7-1933

என் தம்பிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை அவர் வாசித்தார், மடித்தார், மறுபடியும் வாசித்தார். பிறகு வெளியே போய்த் தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தார். அதனால் வருகிறார் என்று தெரிந்துகொண்டேன். ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முதல் நாள் ரயிலில் வந்து இறங்குவார்.

நான் வர முடியாது. இத்தனை மாதமாக எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எனக்கு மாதம் நெருங்கிவிட்டது. முன்னேயே எழுதியிருந்தால், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கேட்கிறாள் என்று அப்பா நினைப்பார். நான் கேட்கவில்லை. இங்கே ராசம்மா என்று ஒரு மருத்துவச்சி இருக்கிறாள். அவள் போதும்.

வடத்துக்கு நீ சரி என்று எழுதினபோது எனக்கு உன்மேல் கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இப்போது சரியாகிவிட்டது. நடந்ததை ஒன்று விடாமல் எழுது.

செல்லம்

---

பாலோ டவுன்
8-8-1933

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? மச்சான் வந்து சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னால், "ஓடியது, நல்லா இருந்தது" என்று முடித்துவிடுவார். நான் எழுதுகிறேன்.

கோயில் வாசலில் மச்சான் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார். மேல் லயத்து ஆட்கள் சிலர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். "இவன் எப்படிடா தேரத் தொடலாம்?" என்றார்கள். நான் மேலேயிருந்து சொன்னேன்: "வடம் பிடிக்கத்தானே கூடாதுன்னு வச்சிருக்கீங்க? வடம் எங்க இருக்கு? இந்த ஸ்டியரிங்கப் பத்தி ஆத்தா எங்க சொல்லியிருக்கா? வேற யாருக்காச்சும் ஓட்டத் தெரிஞ்சா ஏறி வாங்க, அவர் எறங்கிடுவார்." யாரும் ஏறவில்லை. பண்டாரம் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இஞ்சின்மேல் தாராளமாக ஊற்றினார். மச்சான் இறங்கி ஹேண்டிலைச் சுற்றினார். ஒரே சுற்று, அக்கா. நாதஸ்வரக்காரர் பயந்து ஒரு அடி தள்ளிப் போய் வாசித்தார்.

முதல் வீடு நம் வீடு. அர்ச்சனைத் தட்டு வாங்காமல் ஒரு வீட்டைத் தாண்டிப் போகிற வழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். கதவு சாத்தியிருந்தது. நின்றோம். மச்சான் ஹாரனை ஒரு தடவை அமுக்கினார், மரியாதையாக. கதவு திறக்கவில்லை. ரேடியேட்டர் முணுமுணுக்க ஆரம்பித்தது. அப்பா உள்ளேதான் இருக்கிறார். இன்னும் கொஞ்சம் நின்றால் கொதித்து நின்றுவிடும். ஆத்தா ஒத்துக்கவில்லை என்று மறுபடியும் ஊர் சொல்லும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் கதவையே பார்த்தேன். தண்டைத் தள்ளினேன். அப்பா வீட்டைத் தாண்டி வண்டி போய்விட்டது. என் கை அந்தத் தண்டை விடவில்லை.

மேடு ஏறினோம். போன வருஷம் நின்ற இடத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். விளக்கு ஒன்றுகூட அணையவில்லை. இறக்கத்தில் பாதை பிரிகிற இடம் வந்ததும் மச்சான் திரும்பி, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தேர் எப்போதும் வலது பக்கம் திரும்பிக் கோயிலுக்குப் போகும். இடது பக்கம் கீழ் லயம். அங்கே தேர் போனதே இல்லை.

"கீழ போங்க மச்சான்" என்றேன்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. தட்டு இல்லாமல் ஓடினார்கள், வாழையிலையில் தேங்காயை வைத்துக்கொண்டு வந்தார்கள். மச்சானுடைய அம்மா கருப்பாயி அத்தை, சோறு வடிக்கிற தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். மகன் தேரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர்களுக்குக் கும்பிடத் தோன்றவில்லை. கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மச்சானின் கையைப் பார்த்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

கம்பு என் கைக்கு வராது, அப்பாவின் நிபந்தனைப்படியே. ஸ்டோர் வேலையையும் விட்டுவிட்டேன். தவ்கே கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை கொடுத்திருக்கிறார். பைத்தியக்காரனை வைத்துக்கொண்டால் கடைக்குக் கூட்டம் வரும் என்கிறார். காஹாங் பக்கத்திலிருந்து இன்னொரு தோட்டம் தேர் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறது. செய்வேன். ஆனால் அதற்கு முன்னால், பெண்கள் கையால் சுற்றுகிற ரப்பர் உருளையைத் தானாகச் சுற்ற வைக்க ஒரு யோசனை இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்யப் போகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. திருவிழா முடிந்த மறுநாள் காலையில் புகைவீட்டுக் கொட்டகைக் கதவைத் திறந்தால் வாசலில் வடம் கிடக்கிறது, நன்றாகச் சுருட்டி. அப்பாதான் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். அவ்வளவு கனத்தை அந்த மூட்டுவலியோடு எப்படித் தூக்கி வந்தாரோ. இனி உறவில்லை என்கிறாரா, நீ ஜெயித்தாய் என்கிறாரா? தெரியவில்லை. போய்க் கேட்டேன், கதவைத் திறக்கவில்லை. இதை என்ன செய்வது, அக்கா? தூக்கி எறியவும் மனசு வரவில்லை.

அர்ச்சுனன்

---

சிங்கப்பூர்
21-8-1933

தம்பி அர்ச்சுனனுக்கு,

அக்காவும் உன் மருமகளும் ஆசீர்வாதம் சொல்கிறோம். ஆமாம், பெண். பிறந்து எட்டு நாளாகிறது. நல்ல குரல். அழுதால் உங்கள் லாரி ஹாரன் தோற்றுவிடும் என்கிறார் உன் மச்சான்.

அப்பா கதவைத் திறக்காவிட்டால் இருக்கட்டும். அடுத்த ஆடிக்கும் அந்த வாசலில் வண்டியை நிறுத்து. ஹாரன் அடி. திறந்தால் தட்டு வாங்கிக்கொள். இல்லாவிட்டால் தண்டைத் தள்ளு.

வடத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். தூக்கி எறியாதே. முறுக்கைப் பிரித்தால் நல்ல கயிறாகப் புரி புரியாக வரும். அதில் ஒரு புரியை வெட்டி அனுப்பு. இங்கே பிள்ளைக்குத் தொட்டில் கட்டக் கயிறு இல்லாமல் இருக்கிறது. முடிச்சை உன் மச்சானே தன் கையால் போடட்டும்.

செல்லம்